பால்மாப் பெட்டிக் கூப்பன்: ஒரு பள்ளித் தவணை சேர்த்துப் பார்த்தோம்

பள்ளிக்கூடங்களுக்காக ஒரு பால்மா கம்பனி நடத்தும் கூப்பன் திட்டத்தில் இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் இந்த வருசம் சேர்ந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறவன், எப்படியும் எல்லாக் கடை வாசலிலும் நிற்கிறேன், மகளும் தரம் 5. இரண்டாம் தவணை முழுக்க ஓடி முடித்தாகிவிட்டது. சேரலாமா என்று யோசிக்கிற மற்றப் பள்ளிக்கூடத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முறை சுலபம். 400 கிராம் பெட்டியின் மேல் மடிப்பில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். வெட்டிச் சேர்த்து, 200 ஆனதும் அதிபர் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினால், ஒன்றுக்கு 5 ரூபா கணக்கில் பேப்பரும் கொப்பியும் வரும். எங்களுக்கு வேண்டியதும் பேப்பர்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் அடிக்க மாதாமாதம் பெற்றோரிடம் காசு கேட்க வேண்டியிருக்கிறது, கேட்டதும் சில தாய்மார் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்க்க முடியவில்லை.

முதல் மாதம் வந்தது 31 கூப்பன். பிள்ளைகள் மேல் பிழை இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எத்தனை வீட்டில் 400 கிராம் பெட்டி வாங்குகிறார்கள்? 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது, அதுவும் கொழுந்து நிறை சரியாக இருந்து முழுப் பேர், அதாவது முழுநாள் வேலைக் கணக்கு, விழுந்தால்தான். ஒரு பெட்டி வாங்கினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் எல்லாரும் வாங்குவது கடையில் தொங்குகிற சின்னப் பைக்கற்று, அதில் கூப்பன் கிடையாது. இந்தத் திட்டத்தின் பெரிய குறை இதுதான், கம்பனிக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். இதைவிட மனசு கஷ்டப்பட்ட விசயம் ஒன்று உண்டு. யார் எத்தனை கொண்டுவந்தார்கள் என்று வகுப்புச் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் வீட்டில் அழுது, அம்மா கடனுக்குப் பெட்டி வாங்கியிருக்கிறார். அடுத்த நாளே டீச்சரிடம் சொன்னேன், அவரும் உடனே கழற்றிவிட்டார். தயவுசெய்து உங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டியல் ஒட்டாதீர்கள்.

அப்புறம்தான் தேத்தண்ணிக் கடைகள் ஞாபகம் வந்தன. பஸ் நிற்கிற இடத்துக் கடையில் காலையில் மட்டும் எத்தனை பெட்டி உடைப்பார்கள், எல்லாம் அடுப்புக்கோ குப்பைக்கோ போகிறது. ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் ஒன்பது கடை முதலாளிகளிடம் கேட்டேன், ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவர் காசு வாங்குகிற பட்டறைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மடிப்புகளைக் குத்தி வைத்தார், தன் பிள்ளை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் எங்களுக்குத்தான் தந்தார். எங்கள் லயத்து ஆச்சி ஒருவர், கூப்பன் என்றதும் அரசாங்கம் பங்கீட்டுக்குக் கொடுத்த பழைய அரிசிக் கூப்பன் திரும்ப வருகிறதா என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகு, தன் மகன் வேலை செய்யும் கொழும்புக் கடையிலிருந்தே ஒரு பை நிறைய வரவழைத்துத் தந்துவிட்டார்.

மொத்தம் 1,140 அனுப்பினோம். 86ஐத் தள்ளிவிட்டார்கள், மீதி 1,054க்கு 5,270 ரூபா பெறுமதியான சாமான் வந்தது. வர ஏழு வாரம் ஆனது, தவணைக்குள் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். விண்ணப்பப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடங்களையும் சேரச் சொல்கிறவர்கள் தமிழிலும் அச்சடிக்க வேண்டும்.

இனிமேல் வெட்டத் தேவையில்லை, கடை பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று மாற்றப் போவதாகக் கம்பனிக்காரர் ஒருவர் சொன்னார். அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் கம்பனி 1996இல் தொடங்கிய பாக்ஸ் டாப்ஸ் திட்டமும் அப்படித்தான் மாறியது. அங்கே பெட்டி மூலையை வெட்டிக் கொடுத்தால் ஒன்றுக்குப் பள்ளிக்கூடத்துக்கு 10 சதம், 2019இலிருந்து பில்லை ஸ்கேன் பண்ணுகிற முறைக்கு வந்துவிட்டார்கள். அங்கே சரி. எங்கள் தோட்டத்துக் கடையில் பில் ஏது, கொப்பியில் எழுதுகிற கடன் கணக்குதான். தேத்தண்ணிக் கடை முதலாளி தன் சரக்கு பில்லை எனக்கு எதற்குத் தரவேண்டும்? கத்திரிக்கோலும் காகிதமும் இருக்கிறவரைக்கும்தான் எங்களைப் போன்றவர்கள் இதில் பங்கெடுக்க முடியும்.

இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சின்னப் பைக்கற்றிலும் கூப்பன் போட்டால் நாலரை.

சேருகிறவர்களுக்கு இரண்டு விசயம். மழை மாதத்தில் கடதாசிப் பையில் வைக்காதீர்கள், ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும், மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பா நல்லது. சதுரத்தை மட்டும் வெட்டாமல் அதற்குக் கீழே இருக்கிற இலக்க வரியையும் சேர்த்து வெட்டுங்கள், எங்கள் 86உம் அப்படித்தான் போனது.