பழைய கேசியோ கீபோர்டுக்கு அடாப்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

“ஒன்பது வோல்ட்தானே சார், எல்லாத்துக்கும் இதான்” என்று கடைக்காரர் சொன்னால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

அண்மையில் ஒரு கீபோர்டு இப்படித்தான் மாட்டிக்கொண்டது. ஏ.டி.-5 அடாப்டர் போட வேண்டிய பழைய கேசியோ. 9 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர். பின்னின் நடுவில் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். இப்போதைய கேசியோக்களுக்கு வரும் 9.5 வோல்ட் அடாப்டரில் நேர் எதிர், நடுவில் பிளஸ். கடையில் இந்தப் புதியதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பின் நுழையவில்லை என்றதும் வயரை வெட்டி, வேறு பின்னைச் சால்டர் வைத்து, நடுவில் பிளஸாகவே தந்துவிட்டார்கள். சொருகியதோடு கீபோர்டு அடங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், “மெயின் போர்டு போச்சு, மாத்தணும்.”

முதல் தப்பு அறியாமை என்றே வைப்போம். இரண்டாவது, போர்டையே மாற்றச் சொன்னது, ஏமாற்று. பல போர்டுகளில் அடாப்டர் சொருகும் ஜாக்கை ஒட்டி ஒரு டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) இருக்கும்; தலைகீழாகக் கரண்ட் வந்தால் அது தானே ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும். முதலில் பேட்டரி போட்டுப் பாருங்கள். ஓடினால் போர்டு பிழைத்திருக்கிறது. ஓடாமல் பேட்டரி சூடேறினால் உடனே கழற்றிவிட்டு, அந்த டயோடின் ஒரு காலைச் சால்டர் எடுத்துத் தூக்கி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துப் பாருங்கள். முனைகளை மாற்றி வைத்தாலும் பீப் அடித்தால் அதுதான் போயிருக்கிறது. 4007 டயோடு ஒன்று சில ரூபாய்தான். டயோடு நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் ரெகுலேட்டர் (வோல்ட்டைச் சீராக வைப்பது), ஆம்ப் ஐ.சி. (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டும் சிப்).

வாங்கும்போது மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளியிலும் தொட்டால், இந்தக் கீபோர்டுகளுக்கு எண்ணின் முன் மைனஸ் குறி வர வேண்டும். வராவிட்டால் வேண்டாம். டிரான்ஸ்பார்மர் வைத்த கனமான அடாப்டர் 12, 13 என்று காட்டினால் பயப்படாதீர்கள். லோடு இல்லாதபோது, அதாவது எதுவும் மாட்டாதபோது, அப்படித்தான் ஏறி நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். எனும் எடை குறைந்த வகை என்றால் 9-ஐ ஒட்டியே காட்ட வேண்டும்.

லேபிளில் 2 ஆம்பியர் என்று அச்சடிக்க மை இருந்தால் போதும். 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அடாப்டர் பின்னின் உள், வெளி முனைகளுக்குக் குறுக்கே ஐந்து நொடி பிடியுங்கள், அதிகம் வேண்டாம், கை சுடும். கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். அப்போது வோல்ட் 8-க்குக் கீழே சரிந்தால் அந்த அடாப்டர் கீபோர்டைத் தாங்காது: சத்தம் கூட்டினால் தானாக ஆஃப் ஆகும், பேஸ் கரகரக்கும்.

பக்கத்து வீட்டு யமஹா அடாப்டரையும் இரவல் கேட்காதீர்கள். யமஹாவின் பல பி.எஸ்.ஆர். கீபோர்டு மாடல்களுக்கு வருவது 12 வோல்ட், நடுவில் பிளஸ், இரண்டுமே தப்பு.

பில்லில் “9 வோல்ட், நடுவில் மைனஸ்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.