ஓம்ரான் 7120 பிரஷர் மெஷின்: வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

வயது நாற்பத்தைந்தைத் தாண்டி, தொப்பையும் விழுந்து, செக்கப்பில் டாக்டர் ‘பிரஷர் பார்டர்ல இருக்கு’ என்று சொல்லிவிட்டாரா? முதலில் வாங்க வேண்டியது டிரெட்மில் அல்ல (அது சீக்கிரமே துணி காயப்போடும் கொடியாகிவிடும்), மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின். ஓம்ரான் 7120 அந்த வேலைக்குப் போதும். ஒரே பட்டன், நான்கு டபுள் ஏ பேட்டரி. அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். புளூடூத் இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் அது குறையே இல்லை.

சிக்கல் கைப்பட்டையில். கூடவே வருவது 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கானது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். உடம்பு போட்ட ஆளுக்கு 34, 35 சர்வசாதாரணம். அந்தக் கையில் இந்தப் பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். 32-ஐத் தாண்டினால் பெரிய பட்டையைத் தனியாக வாங்குங்கள், அல்லது 22–42 பட்டையோடு வரும் மாடலுக்குப் போய்விடுங்கள்.

‘ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்டுது’ என்பதுதான் இந்த மாதிரி மெஷின்கள் மேல் வரும் பெரிய புகார். பாதிக்கு மேல் தப்பு உட்காரும் விதத்தில். காபி, சிகரெட், நடை எல்லாம் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல், வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு செ.மீ. மேலே பட்டையைக் கட்டுங்கள். கையை மேஜையில் வைத்தால் பட்டை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு ஏறும். பேசினாலும் ஏறும். டிவியையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன்னால், பிறகு இரவில். ஏழு நாள் இப்படி எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85-ஐத் தொட்டால் நோட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். கிளினிக்கின் 140/90 கணக்கை வீட்டு அளவுக்குப் போடாதீர்கள். அளவு இறங்கிவிட்டதே என்று மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துப் பார்க்கிறவர்கள் மறுநாளே பலன் தேட வேண்டாம். சில வாரம் கழித்து இதே மாதிரி இன்னொரு ஏழு நாள் எடுத்து, இரண்டு சராசரியையும் ஒப்பிடுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் மாடல் கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம். கை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலே அளவு மாறிவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு மேல்கை மெஷினும் சரியாகக் காட்டாமல் போகலாம், அவர்கள் டாக்டரைக் கேட்டு வாங்குவது நல்லது. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் அல்லது பேச்சுக் குழறல் இருந்தால் மறுபடி மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.