பொன்னியின் செல்வனுக்கு அடுத்து எதைப் படிப்பது: சாஸ்திரியா, பண்டாரத்தாரா?

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். மணிரத்னம் படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்த சூட்டோடு கல்கியின் ஐந்து பாகங்களையும் படித்து முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து நின்றான். "மாமா, இதுல எது நெசம், எது கல்கி விட்ட கதை? ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே."

சோழர் பைத்தியம் பிடித்த எல்லோருமே ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறேன், அதில் பார்த்துக்கொள் என்றேன். எந்தப் புத்தகம் என்பதில்தான் இரண்டு வாரம் ஓடியது.

இன்னொரு நாவல் வாங்குவதா என்ற யோசனை சீக்கிரமே முடிந்துவிட்டது. ராஜேந்திரன் மேல் ஆசை இருந்தால் அகிலனின் வேங்கையின் மைந்தன் இருக்கிறது. 1963இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. பெரிய கோயில் கட்டிய கதைக்குப் பாலகுமாரனின் உடையார், ஆறு பாகம். கப்பலும் கடல் சண்டையும் வேண்டுமானால் சாண்டில்யனின் கடல் புறா. மூன்றையும் நான் ரசித்துத்தான் படித்தேன், யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். உடையார் மட்டும் நான்காம் பாகத்துக்கு மேல் எனக்குக் கொஞ்சம் இழுவை. ஆனால் பையன் கேட்டது எது நிஜம் என்று. நாவலுக்குப் பதில் இன்னொரு நாவல் கொடுத்தால் கேள்வி இரண்டாகும், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள். 1935லும் 1937லும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது, கே.வி. ராமன் மொழிபெயர்ப்பில் தமிழில் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கிடைக்கிறது. மற்றொன்று, தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காகத் தமிழிலேயே எழுதியது. முதல் பாகம் 846 முதல் 1070 வரை, இரண்டாம் பாகம் 1070 முதல் 1279 வரை, மூன்றாவது ஆட்சிமுறையும் சமூகமும்.

இருவரும் 1892இல் பிறந்தவர்கள். ஒருவர் கல்லிடைக்குறிச்சி, மற்றவர் கும்பகோணத்தை ஒட்டிய திருப்புறம்பியம். நாவல் படித்தவர்களுக்குத் திருப்புறம்பியம் என்றதும் பள்ளிப்படையும் (இறந்த அரசனுக்கு எழுப்பும் சமாதிக் கோயில்) நள்ளிரவுச் சதிக் கூட்டமும் நினைவுக்கு வரும். பல்லவருக்கும் பாண்டியருக்கும் நடந்து, கடைசியில் சோழருக்கு வழி திறந்துவிட்ட போர் நடந்த ஊர் அது. அந்த மண்ணில் பிறந்த பையன் வளர்ந்து, கும்பகோணத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபடியே சுற்றுவட்டாரக் கல்வெட்டுகளைப் படித்து, பிறகு சோழர் வரலாறு எழுதினார் என்பதே எனக்கு ஒரு கல்கி கதை மாதிரி இருக்கிறது. ஆனால் ஊர்ப் பாசத்துக்காக நான் பண்டாரத்தாரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

விலை, பக்கம், கனம் எல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். பண்டாரத்தார் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, மலிவு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவும் படிக்கலாம். சாஸ்திரி விலை கூட, தூக்கிப் படிக்கவும் கனம். நடையில் சாஸ்திரியின் தமிழாக்கம் பாடப்புத்தகம் போல நேராகப் போகும். பண்டாரத்தார் பழைய பண்டிதத் தமிழ். "இனி, இவ்வேந்தன்" என்று தொடங்கும் வாக்கியம் நாலு வரி கழித்துத்தான் மூச்சு விடும். இருபது பக்கம் பொறுத்தால் பழகிவிடும். இளைஞர்கள் பொறுப்பார்களா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது.

என் தராசைச் சாய்த்தது வேறு ஒன்று. கல்லில் இருப்பது தமிழ். சாஸ்திரி அதை ஆங்கிலத்தில் சொன்னார். நம் கைக்கு வரும்போது அது மறுபடியும் தமிழாகியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் குறை சொல்ல மாட்டேன். வரிப் பெயர்கள், பதவிப் பெயர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கல்வெட்டின் வாக்கியம் போய்விட்டது, கருத்து மட்டும் நிற்கிறது. பண்டாரத்தார் கல்வெட்டு வரியையே எடுத்துப் போடுகிறார். பக்கத்தின் அடியில் எண் இருக்கும், பல இடங்களில் மூல வாசகமும் இருக்கும், கூடவே கலிங்கத்துப்பரணியிலிருந்தோ மூவருலாவிலிருந்தோ இரண்டு அடி. நூலின் கடைசியில் மெய்க்கீர்த்திகளை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் பகுதிகளை, சேர்த்திருக்கிறார். சோழப் பைத்தியத்துக்கு அந்தப் பின்னிணைப்பு ஒன்றே போதும் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். கோயிலுக்குப் போனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? சுவர் முழுக்க எழுத்து. தடவிப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், "சோழர் காலம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். மெய்க்கீர்த்தியின் முதல் இரண்டு சொல் தெரிந்தால் கதையே மாறிவிடும். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கினால் ராஜராஜன். "திருமன்னி வளர" என்றால் ராஜேந்திரன். "புகழ்மாது விளங்க" என்றால் முதலாம் குலோத்துங்கன். எழுத்தில் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நிற்கும், நடுவில் வடமொழிக்கான கிரந்த எழுத்து வந்து குழப்பும். ஆனாலும் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த கண்ணுக்கு அது அகப்பட்டுவிடும்.

பிறந்தநாள் முடிந்து இரண்டு மாதத்தில் பையனும் நானும் கும்பகோணம் பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். பிராகாரம் சுற்றி வரும்போது ஆளைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் கருவறைப் புறச்சுவர் அருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பு அடைத்த எழுத்துமேல் செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தான். (நேராக அடித்தால் எழுத்து தெரியாது, பக்கவாட்டில் அடித்தால்தான் வெட்டின் நிழல் விழும். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.) "மாமா, தி... ரு... ம... ன்... னி. இது ராஜேந்திரன்தானே?" ராஜேந்திரன்தான். அதற்கு மேல் அரை வரிகூட அவனால் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்த பார்வை தனி.

சரி, கொலைக்கு வருவோம். இரண்டு நூலையும் ஒப்பிட இதைவிட நல்ல இடம் இல்லை.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வரும் வீராணம் ஏரி அங்கிருந்து கூப்பிடு தூரம். கல்கி கதையைத் தொடங்கிய இடத்தின் பக்கத்திலேயே கதையின் முடிச்சும் கல்லில் கிடக்கிறது. இக்கல்வெட்டு, கல்வெட்டுத் துறையின் 1920ஆம் ஆண்டு அறிக்கையில் 577ஆம் எண். ராஜகேசரிவர்மனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது ராஜராஜன் பட்டத்துக்கு வந்து இரண்டாம் வருடம், 987 வாக்கில். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரின் பெயர் வருகிறது. அவர்கள் நிலம் மட்டும் போகவில்லை. பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாய்மாமன், பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன் வரைக்கும் சொத்து பறிபோகிறது. உறவுமுறைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். படிக்கும்போது கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல் இருக்கும், விஷயமோ நேர்மாறு.

கல் அவ்வளவுதான் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று ஒரு சொல் இல்லை. கொலைக்கும் இந்த நடவடிக்கைக்கும் நடுவே ராஜராஜனுக்குச் சித்தப்பன் முறையான உத்தம சோழன் பதினைந்து ஆண்டு போல ஆண்டிருக்கிறான். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் சாஸ்திரிக்கு உத்தமன்மேல் சந்தேகம் வருகிறது. பட்டம் யாருக்குக் கிடைத்ததோ அவனுக்குக் கொலையில் பங்கு இருக்கலாம் என்ற பக்கம் சாய்கிறார். பண்டாரத்தார் இதை ஒப்புக்கொள்ளவில்லை, உத்தமன்மேல் பழி போடச் சான்று இல்லை என்று மறுக்கிறார். கல்கியோ நந்தினி, பெரிய பழுவேட்டரையர் என்று எல்லோரையும் அந்த இருட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கத்தி யார் கையில் என்பதை மட்டும் மறைத்துவிட்டார்.

நான் பண்டாரத்தார் பக்கம். ராஜராஜன் தன் மகனுக்கு இட்ட பெயர் மதுராந்தகன். அது உத்தம சோழனின் பெயர். ராஜேந்திரன் என்பது பட்டப் பெயர்தான். அண்ணனைக் கொல்லச் சொன்னவன் என்று சந்தேகம் இருந்தால் சித்தப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பானா? இது நீதிமன்றத்தில் நிற்கும் சான்று இல்லை என்று தெரியும். சாஸ்திரி கட்சிக்காரர்கள், அரசியலில் இதெல்லாம் சகஜம், பெயர் வைத்துச் சமாதானம் பேசியிருக்கலாம் என்பார்கள். அதையும் தட்டிக்கழிக்க முடியாது.

பையனுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்: ஒரே கல்லைப் படித்த இரண்டு பெரியவர்கள் எதிரெதிராகப் பேசுகிறார்கள். அப்போது கல்லின் வாசகம் நம் கையில் இருப்பது நல்லது. அதைத் தமிழில் தருபவர் பண்டாரத்தார்.

சாஸ்திரி எங்கே ஜெயிக்கிறார் என்றும் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூர் குடவோலை, ஊர்ச்சபை, வரி, நீர்ப்பாசனம் என்று ஆட்சி நடந்த விதத்தைச் சொல்வதில் அவருக்கு இணை இல்லை. 1025இல் ராஜேந்திரன் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மேல் படையெடுத்துப் போனதை எழுதும்போது மலேயா, சுமத்ரா, சீனச் சான்றுகள் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. இலங்கைக்கு அந்நாட்டின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். பண்டாரத்தாரின் சோழ நாடு காவிரிக் கரையிலிருந்து பார்க்கும் நாடு. சாஸ்திரியின் சோழர்கள் கடல் தாண்டியும் தெரிகிறார்கள். ராஜா ராணியைவிட ஊர் எப்படி நடந்தது என்பதில் ஆர்வம் உள்ளவர் யோசிக்காமல் சாஸ்திரியை வாங்கலாம். பண்டாரத்தாரிடம் அதற்கு மூன்றாம் பாகம் இருக்கிறது. நான் அதைத் துண்டு துண்டாகத்தான் படித்திருக்கிறேன் என்பதால் இரண்டையும் தோளோடு தோள் வைத்துப் பேச எனக்குத் தகுதி போதாது.

இருவருமே பழையவர்கள் என்பதும் உண்மை. ராஜாக்களைக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்த தலைமுறை அது, பண்டாரத்தார் சாஸ்திரியைவிட ஒரு பிடி கூட. கீழே நின்று உழுதவன் எங்கே என்று கேட்டால் பின்னால் வந்த ஆய்வாளர்களான நொபொரு கராஷிமாவிடமும் எ. சுப்பராயலுவிடமும்தான் போக வேண்டும். அவர்கள் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்குப் பார்த்தவர்கள். முதல் புத்தகமாக அதைக் கொடுத்தால் பையன் ஓடிவிடுவான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பண்டாரத்தாரை நான் முதலில் வாங்கியது புத்தகக் கண்காட்சியில், தள்ளுபடி விலைக்கு. பளபளப்பான அட்டை, மூன்று பாகமும் ஒரே கட்டாக. வீட்டுக்கு வந்து பிரித்தால் அடிக்குறிப்பு எண்கள் எல்லாம் வரிக்குள்ளே கலந்து அச்சாகியிருந்தன. "இராசராசன்12" என்று அரசன் பெயருக்கே வரிசை எண். கீழே குறிப்பைத் தேடினால் பாதி இல்லை, இருந்த பாதியும் அடுத்த பக்கத்துக்கு உரியது. பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியவர்கள் பிழை பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். பண்டாரத்தாரிடம் அடிக்குறிப்பு போய்விட்டால் பாதிப் பண்டாரத்தார் போய்விட்டார். அந்தக் கட்டை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் பரணில் போட்டேன். பையனுக்கு வேறு பதிப்பு தேடித்தான் வாங்கினேன்.

அதனால் கடையிலேயே நின்று பாருங்கள். முதல் பாகத்தில் ஆதித்த கரிகாலன் கொலை பேசப்படும் பக்கத்தை எடுங்கள். உடையார்குடிக் கல்வெட்டைச் சொல்லும் இடத்தில் சின்ன எண் இருக்கிறதா, அந்த எண்ணுக்கு அதே பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கங்களைப் புரட்டி மெய்க்கீர்த்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அட்டை எப்படி இருந்தாலும் வாங்கிவிடலாம்.