மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரை: சில வருட அனுபவம்

சர்க்கரைக்கு முதலில் எழுதிக் கொடுத்தது சாதாரண மெட்ஃபார்மின், காலையும் இரவும். சர்க்கரை இறங்கியது, வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. குமட்டலும் பேதியுமாக இழுத்தடித்ததால் டாக்டர் அதே மருந்தை எஸ்.ஆர். வகையில் (மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை), இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளையாக மாற்றினார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

வயிறு சில வாரங்களில் அடங்கிவிட்டது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. மருந்து அதேதானே, வெளிவரும் வேகம்தான் வேறு. சாதாரண மாத்திரை போட்டால் 2, 3 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தைத் தொடும். எஸ்.ஆரில் அதற்குச் சுமார் 7 மணி நேரம் ஆகும், உச்சமும் கொஞ்சம் தாழ்வு.

எப்படித்தான் கரைகிறது என்று பார்க்க ஒரு மாத்திரையைத் தண்ணீரில் போட்டேன். கரையவில்லை, உப்பியது. மேலே வழவழவென்று ஒரு படலம். எடுத்தால் நனைந்த சோப்பு மாதிரி விரலை விட்டு நழுவுகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குறுக்கே வெட்டினால், நடுவில் வெள்ளைத் தூள் ஈரமே படாமல் இருக்கிறது! ஹெச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் வகைப் பொருளின் வேலை இது. ஈரம் பட்டதும் கூழாகி மருந்தைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுவிடும். தண்ணீர் அதன் வழியே மெல்ல உள்ளே போகும், கரைந்த மருந்து அதே வழியே கசிந்து வெளியே வரும். மெட்ஃபார்மின் தண்ணீரில் சட்டென்று கரைகிற மருந்து என்பதால் இந்தக் கூழ்ப்பொருளை நிறையவே சேர்க்க வேண்டியிருக்கிறது. மாத்திரை இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். விழுங்குவது இன்னும் எனக்குச் சிரமம்தான். என் ஒரே பெரிய குறை அது.

அதற்காகப் பொடித்துப் போட்டால் சுவர் போய்விடும், மெதுவாக வரவேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். எல்லா எஸ்.ஆரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் மெட்டோப்ரோலால் சக்சினேட் மாத்திரைக்குள் தனித்தனிப் பூச்சோடு குட்டி குட்டி மணிகள் இருக்கும். அதைக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், மெல்லக் கூடாது.

சாப்பாட்டோடு போடச் சொல்வதும் சும்மா இல்லை. மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. உணவு இருந்தால் மாத்திரை இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே அனுப்பும். வெறும் வயிற்றோடு ஒப்பிட்டால் உடலில் சேரும் அளவு சுமார் 50 சதவீதம் கூடுகிறது.

சிலசமயம் மலத்தில் மாத்திரை முழு உருவில் வரும். பதற வேண்டாம், மருந்து போன பின் மிஞ்சிய காலிக் கூடுதான் அது. இதை மருந்துச் சீட்டோடு யாராவது சொல்லித் தொலைத்தால் என்ன?

வைட்டமின் பி12 விஷயத்தில் எஸ்.ஆருக்கும் சாதாரண மாத்திரைக்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் எடுத்தால் இரண்டிலும் குறையலாம். நான் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது அவ்வப்போது அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.