கையால் செதுக்கிய சம்மனசு என்று விற்கப்படும் ரெசின் வார்ப்புகள்: வாங்குவோர் கவனத்திற்கு

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையிலுள்ள வால் கார்டேனா பள்ளத்தாக்கில் 17ஆம் நூற்றாண்டு முதல் மரச்சிற்பத் தொழில் நடந்துவருகிறது. அங்குள்ள ஓர்த்திசேய் ஊரில் லிண்டன் மரத்தில் கையால் செதுக்கியது என்று அறிவித்திருந்த ஒரு சம்மனசு (இறக்கையுள்ள தேவதூதர்) சிலையை, வரவேற்பறை அலமாரியில் வைப்பதற்காக, இணைய விற்பனையாளர் ஒருவரிடம் 240 யூரோ கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்தது மரமே அல்ல.

அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியின் ஓரம் பிரிந்திருந்ததால் அதை உரித்துப் பார்த்தேன். குறுக்கே அறுத்த மரத்தில் தெரிய வேண்டிய ஆண்டு வளையங்களுக்குப் பதிலாக, காற்றுக் குமிழிகள் நிறைந்த வெளிறிய ரெசினும் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) அதில் பதிந்த வார்ப்பு அச்சின் எண்ணும் இருந்தன. இறக்கைக்குக் கீழே, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய விளிம்பு ஓடியது. மர ரேகைகளோ பழுப்புச் சாயத்தால் வரையப்பட்டவை. ரேகை இறகின் நீளவாக்கில் ஓடாவிட்டால் மெல்லிய நுனி எளிதில் முறிந்துவிடும் என்பதால், விரிந்த இறக்கைகளைச் சிற்பிகள் பெரும்பாலும் தனித் துண்டில் செதுக்கி முதுகில் பொருத்துவார்கள். இந்தச் சிலையில் உடலின் ரேகை அப்படியே வளைந்து இறக்கைக்குள் தொடர்ந்தது; எந்த மரமும் அவ்வாறு வளர்வதில்லை.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஏமாற்றும் உண்டு. ஒரே மூல வடிவத்தைப் பின்பற்றிப் பல மரத்துண்டுகளை ஒரே நேரத்தில் குடையும் நகல் இயந்திரத்தில் உருவாகி, பிறகு கையால் திருத்தி வர்ணம் தீட்டப்படும் சிலைகள் அப்பள்ளத்தாக்கிலேயே ஏராளம். அவை மரம்தான், அழகானவையும்கூட. நேர்மையான கடைகள் அதை மறைப்பதில்லை. ஆனால் முழுக்க உளியால் செதுக்கிய சிலைக்குரிய விலையை அவற்றுக்கு வாங்குவது மோசடி. எனவே பணம் கட்டும் முன்னர், துணி ஒட்டாத அடிப்பகுதியின் படம், மரத்தின் பெயர், இயந்திரம் எந்தக் கட்டம் வரை பயன்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையம்வழி வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பியளிக்கலாம் என்பது பொது விதி. வாடிக்கையாளரின் விருப்பப்படி தனியாகச் செய்த பொருளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டித்தான், "உங்களுக்கென்றே செதுக்கியது" என்று கூறி அந்த விற்பனையாளர் பணத்தைத் தர மறுக்கிறார். விளம்பரத்தில் சொன்ன பொருளுக்குப் பதிலாக வேறொன்றை அனுப்பியதை எந்த விலக்கும் நியாயப்படுத்தாது என்று எழுதி, படங்களை இணைத்து, அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டிருக்கிறேன். விற்பனையாளரின் இணையப் பக்கத்தில் அதே சிலை, அதே விவரத்துடன் இன்றும் விற்பனையில் இருக்கிறது.