வாழைக் குருத்துக்கு வாங்கிய 35 லிட்டர் நைட்ரஜன் கேன்

சினை ஊசி போடுபவர்கள் உறைவிந்துக் குச்சிகளை வைத்திருப்பார்களே, திரவ நைட்ரஜன் நிரப்பிய அதே அலுமினியக் கேன்தான். கொஞ்சம் பெரியது: 35 லிட்டர், சுமார் 5 செ.மீ. வாய், உள்ளே தொங்கவிட ஆறு கேனிஸ்டர், அதாவது சரக்கை வைக்கும் நீளக் குவளை. திண்டுக்கல் பக்கம் எங்கள் சிறிய திசு வளர்ப்பு லேபில், விருப்பாட்சி, சிறுமலை போன்ற மலைவாழைகளின் குருத்து நுனிகளை உறையவைத்துப் பாதுகாக்க வாங்கினோம். கேனுக்குத் தீனி போடும் வேலை, அதாவது நைட்ரஜன் நிரப்பும் வேலை, என்னுடையது.

சாப்பிடுகிற வாழையில் விதை கிடையாது. நெல், கேழ்வரகு போலக் காயவைத்துக் குளிர் அறையில் அடுக்க வழியில்லை. பாட்டிலில் வளர்த்துக்கொண்டே இருக்கலாம்தான். ஆனால் அடிக்கடி புது வளர்ப்பு ஊடகத்துக்கு (சத்துக் கூழுக்கு) மாற்ற வேண்டும், பூஞ்சை வந்தால் போச்சு, வருடங்கள் போகப் போக ரகத்தின் குணமும் மாறக்கூடும். பெல்ஜியத்தில், லூவன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உலக வாழைச் சேகரிப்பு 16 டிகிரியில் மெதுவாக வளர்ப்பதோடு நிற்காமல், திரவ நைட்ரஜனின் -196 டிகிரியிலும் நுனிகளை வைத்திருப்பது இதனால்தான். நாங்கள் பின்பற்றுவதும் அங்கே செம்மைப்படுத்திய முறையே. ஒரு மில்லிமீட்டர் அளவு நுனியைப் பிரித்து, கிளிசரால், எத்திலீன் கிளைகால், டிஎம்எஸ்ஓ, சர்க்கரை கலந்த பிவிஎஸ்2 என்ற உறைகாப்புக் கரைசலில் ஐஸ் மேல் ஊறவைத்து, அலுமினியத் தாள் பட்டையில் சொட்டுச் சொட்டாக வைத்து நைட்ரஜனில் முக்குவோம். செல்லுக்குள் நீர் பனிப்படிகமாகாமல் அப்படியே இறுகிவிடும்.

‘-80 டீப் ஃப்ரீசர் போதாதா?’ என்று கேட்கிறார்கள். போதாது. அந்த வெப்பநிலையில் படிகம் மறுபடி வளரத் தொடங்கி செல்லைக் கிழித்துவிடும். அதனால் கேன் ஒருமுறை வற்றினாலே எல்லாம் போனதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

கேனைப் பற்றிச் சொன்னால், குறுகிய வாய்தான் இதன் பெரிய பலம். அகல வாய்க் கேனில் கை விட்டு எடுப்பது சுலபம், ஆனால் நைட்ரஜன் வேகமாக ஆவியாகும். இதை அசைக்காமல் வைத்தால் நான்கு மாதத்துக்கு மேல் தாங்கும் என்கிறது கையேடு. திறந்து மூடிப் புழங்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. பாதியாவதற்குள் நிரப்பிவிடுகிறேன். அளவு பார்க்க ஒரு மரக்குச்சி போதும்: அடிவரை விட்டு, எடுத்துக் காற்றில் ஆட்டினால் நைட்ரஜன் தொட்ட உயரம் வரை வெள்ளையாக உறைபனி பூக்கும். குச்சிக்குப் பதில் உள்ளே துளையுள்ள குழாயை மட்டும் நுழைக்காதீர்கள், நைட்ரஜன் முகத்தில் பீய்ச்சும்.

குறை கேனிஸ்டரில். உறைவிந்துக் குச்சிக்கு அளவெடுத்துச் செய்தது. நாங்கள் நுனிகளைப் போட்டு வைக்கும் 2 மில்லி கிரையோ குழாய்களை (மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் குழாய்) அடுக்கும் பெட்டி உள்ளே போகாது. குழாய்களைச் செருகும் அலுமினியப் பட்டைகளைத் தனியாக வாங்க வேண்டும். விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. கைப்பிடிக் கம்பியும் மெல்லிசு, வளைகிறது. சக்கர ஸ்டாண்ட் விலையில் சேராது. நிரப்பிய கேன் நாற்பது கிலோவைத் தாண்டும், ஸ்டாண்ட் இல்லாமல் நகர்த்த நினைக்காதீர்கள்.

கழுத்தைச் சுற்றி வெளியே வியர்த்தாலோ பனி படிந்தாலோ கேனின் இரண்டு சுவருக்கு நடுவே குளிரைக் காக்கும் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே சரக்கை வேறு கேனுக்கு மாற்றிவிட வேண்டும். மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும், அதனால் ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் வைப்பதும் ஆபத்து, மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகும். கிரையோ குழாய்க்குள் நைட்ரஜன் புகுந்திருந்தால் வெளியே எடுத்ததும் வெடிக்கக்கூடும். முகக் கவசம் கட்டாயம்.

நைட்ரஜன் கொண்டுவரும் தம்பி, “என்னக்கா, வாழைக்கும் சினை ஊசியா?” என்று இன்னும் சிரிக்கிறான். ஆனால் அவன் வண்டி கால்நடை மருந்தகங்களுக்கு வருவதால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. தனியாக ஒரு கேனுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மதிப்பெண் கேனிஸ்டருக்காகப் போனது. உங்கள் வட்டாரத்தில் நைட்ரஜன் வண்டி வருகிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வாங்கினால் இரண்டாக வாங்கி, ஒவ்வொரு ரகத்தையும் பிரித்து இரண்டிலும் வையுங்கள், முடிந்தால் வேறு வேறு கட்டடத்தில். லூவன்காரர்கள் தங்கள் சேகரிப்பின் மறுபிரதியை பிரான்சில், மோன்பெலியேவில் வைத்திருக்கிறார்கள். எங்களுடைய இரண்டாவது கேனுக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை.