மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை: பழைய காரை வாங்கிச் செப்பனிட நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான, மடக்குக் கூரையும் இரண்டே இருக்கைகளும் கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5, அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1997 வரை தயாரான இந்த முதல் தலைமுறையில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் கட்டப்பட்டன என்பதால், பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களுள் சம்பளக்காரர் ஒருவர் இன்றும் துணிந்து வாங்கக்கூடியது இதுதான் என்று சொல்லலாம். லண்டனில் நான் வைத்திருப்பது ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1990-ஆம் ஆண்டின் 1.6 லிட்டர் யூனோஸ். செப்பனிடும் வேலை முடிந்து, வெயிலிலும் மழையிலும் ஓட்டிய பிறகே இதை எழுதுகிறேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி இந்தக் காரை வாங்கக் கூடாது, தகட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதே என் முதல் அபிப்பிராயம். கடைசி அபிப்பிராயமும் ஏறத்தாழ அதுவே.

பிரிட்டனில் இந்தக் கார்களைக் கொல்வது துரு. அதுவும் கண்ணில் படும் இடத்தில் தொடங்குவதில்லை. மடக்குக் கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் சுருள் பொருத்தப்பட்டிருக்கும் தூண்களின் அருகே உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அடைத்துக்கொண்டால், அந்த நீர் கதவுக்குக் கீழே ஓடும் கீழ்ச்சட்டத்தின் உள்ளே புகுந்து தேங்கி, தகட்டை உள்ளிருந்து வெளியாக அரிக்கிறது. வெளியே பெயின்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். காரைப் பார்க்கப் போகிறவர் ஒரு போத்தல் தண்ணீரை அந்தத் துளையில் மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்க்கட்டும்: உடனே தெளிவாக ஒழுகினால் நல்லது, தயங்கித் தயங்கிக் கருஞ்சேறாக வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், எதுவுமே வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

காந்தம் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என் காரில் கீழ்ச்சட்டத்தின் பின்முனை பார்வைக்கு வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் காந்தம் பின்சக்கர வளைவை நெருங்கியதும் பிடிப்பு விட்டு வழுக்கியது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியபோது முதலில் பெயின்ட், அடுத்து விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்கும் கீழே துருவின் மேலேயே ஒட்டவைத்த ஒரு மெல்லிய தகடு என்று ஒவ்வோர் அடுக்காக வந்தது. முன்பு எந்தப் பட்டறையில் இந்தத் திருப்பணியைச் செய்தார்களோ தெரியாது. அழுகிய பகுதியை வெட்டி எறியாமல் மூடி மறைத்தவர்கள், அடுத்த உரிமையாளரின் பணத்தையும் சேர்த்தே செலவழித்துவிட்டார்கள். இங்கு கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையில் சீட் பெல்ட் பொருத்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தாங்குதகடு பலவீனமாக அரித்திருந்தால் கார் தேறாது என்பதையும், கீழ்ச்சட்டத்தின் பின்முனை பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே வருகிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல என்பது விளங்கும்.

நல்ல செய்தி, வெளித்தகடும் உள்தகடும் சரியான வடிவில் அச்சிட்டே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அழுகியதை முழுதாக வெட்டி, உள்தகட்டை முதலில் பற்றவைத்து, பிறகே வெளித்தகட்டை மூடி, கடைசியில் சட்டத்தின் உட்குழிக்குள் மெழுகு தெளிக்கும் வெல்டரைத் தேடிப் பிடியுங்கள். நான் இதற்குக் கொடுத்த தொகை, எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சேர்த்துச் செலவானதைவிட அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஜப்பானிலிருந்து வந்த கார்கள், குளிர்காலத்தில் பனியை உருக்க உப்புத் தூவாத சாலைகளில் ஓடியிருந்தால் நல்ல தகட்டோடு வந்து இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அடிப்பாகத்தில் பாதுகாப்புப் பூச்சு இல்லாமலே பல வந்ததால், இங்குள்ள குளிர்காலங்கள் அந்தச் சாதகத்தை வெகு சீக்கிரம் தின்றுவிட்டன. ‘ஜப்பான் இறக்குமதி, துருவே இல்லை’ என்ற விளம்பர வாசகத்தை அந்த அளவுக்கே மதிக்க வேண்டும்.

கூரை அடுத்த செலவு. மூலக்கூரை வினைலில் தைத்தது. பின்பக்கத்து ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை மடக்குமுன் ஜிப்பைத் திறந்து அந்த ஜன்னலைத் தட்டையாகக் கிடத்திவிட வேண்டும். குளிரில் அவசரப்பட்டு மடக்கியவர்களின் கார்களில் பிளாஸ்டிக் வெடித்திருக்கும். இப்போது சூடேற்றும் கம்பிகள் கொண்ட கண்ணாடி ஜன்னலோடு தடித்த துணிக்கூரைகளும் வாங்கக் கிடைக்கின்றன. பார்வைக்கு அவை மேல் என்றாலும், எடை குறைந்த வினைல் கூரையை இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளும் வசதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கூரையை வாங்கினாலும், அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு மழைநீரை வடிகாலுக்கு அனுப்பும் நீண்ட பிளாஸ்டிக் பட்டையையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள். பழையது கழற்றும்போதே உடையக்கூடியது. உடைந்த பட்டையோடு புதுக்கூரை மாட்டினால் கம்பளம் நனைவது நிச்சயம்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதற்குரிய பாராட்டு. 1597 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு. ஜப்பானியக் கணக்கில் 120 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத அமைப்பு என்பதால் கார் நின்றுபோகுமே தவிர எஞ்சின் சாகாது. எஞ்சின் தலையின் பின்பக்கத்தில் உள்ள கேம் சென்சாரின் ரப்பர் வளையம் காய்ந்து எண்ணெய் கசிவதும், கிளட்ச்சின் கீழ் சிலிண்டர் ஒழுகுவதும் எல்லாக் கார்களுக்கும் பொது. இரண்டுமே சொற்பச் செலவு. கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1991 நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. அங்குள்ள போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால், நாளடைவில் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நழுவாமல் பிடிக்கும் ஆப்பு உட்காரும் பள்ளம் தேய்ந்து கிராங்க்ஷாஃப்ட்டே வீணாகும். அந்த முன்பக்கத்துப் புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் திருத்தப்பட்டது.

உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மாஸ்டா நிறுவனமே 2017-இல் 1.6 லிட்டர் ரோட்ஸ்டரைச் செப்பனிட்டுத் தரும் சேவையை ஜப்பானில் அறிவித்து, மடக்குக் கூரை, நார்டி நிறுவனத்து மர ஸ்டீயரிங், மரக் கியர் குமிழ் முதலியவற்றை மீண்டும் தயாரிக்க வைத்தது. பிரிட்ஜ்ஸ்டோனும் அந்தக் காலத்து 185/60ஆர்14 அளவு டயரை மறுபடி வார்த்துக் கொடுத்தது. முப்பது வயதான மலிவுக் காருக்கு அதைச் செய்த கம்பெனியே இவ்வளவு மெனக்கெடுவது அபூர்வம்.

ஓட்டும்போது கிடைப்பது வேகமல்ல. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் சாதாரண மின்சாரக் கார் இதை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் கென்ட் பகுதியின் குறுகிய கிராமத்துச் சாலைகளில், மணிக்கு நாற்பது மைலைத் தாண்டாமலே, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் கியர் மாற்றிக்கொண்டே போவதில் உள்ள இன்பத்தை இப்போது வருகிற கார்கள் எதிலும் நான் காணவில்லை. காரணம் எளிது: எடை ஒரு டன்னுக்கும் குறைவு, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் என்ற இரட்டைக் கை சஸ்பென்ஷன், கியர்பெட்டியையும் பின்பக்கத்து டிஃபரன்ஷியலையும் நேராக இணைக்கும் ஓர் அலுமினியச் சட்டம். கால் அழுத்தியதும் அந்த அழுத்தம் தளர்வின்றிப் பின்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. கியர் குச்சியை நகர்த்த மணிக்கட்டே போதும். எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் ஒரு மைல் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூரையைத் திறந்துவிட்டு, கால்மாட்டில் ஹீட்டரை முழுதாக வைத்துக்கொண்டு ஜனவரி வெயிலில் ஓட்டுவதே இந்தக் காருக்கு உகந்த பருவம் என்பது என் கட்சி.

குறைகளையும் ஒளிக்க வேண்டியதில்லை. குண்டும் குழியுமான சாலையில் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும், பின்காட்டிக் கண்ணாடியில் உருவங்கள் கலங்கும். மோட்டார்வேயில் எழுபது மைல் வேகத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கத்த வேண்டியிருக்கும். ஆறடிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலை இடிக்கும், ஏர்பேக் என் காரில் கிடையாது. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் 1993-இல் வந்த 1.8 லிட்டரைத் தேடலாம், மற்றவர்களுக்கு 1.6 போதும். ஆனால் பிரிட்டனில் 1995 முதல் விற்ற 1.6 எஞ்சின், திறன் தொண்ணூறு குதிரைக்குக் குறைக்கப்பட்டது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

லண்டன்வாசிகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து நகரம் முழுவதும், புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டதால், இந்தக் காரை வீட்டு வாசலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். நாற்பது ஆண்டு நிரம்பிய கார்களுக்கு விலக்கு உண்டு. தற்போதைய விதிப்படி 1990-இல் கட்டப்பட்ட காருக்கு அது 2031 ஏப்ரலில்தான் கிடைக்கும். அதுவரை வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு நாளை நீண்டதாக ஓட்டிவிடுவதே கட்டுப்படியாகும்.